சந்தைச் சதுக்கத்துக் கமரா

முதலாவது வெள்ளை வான் சதுக்கத்துக்குள் வந்து நின்றபோது நான் கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட்டில், என் குசினியில் பாவற்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கமராப் படம் ஓடுகிற போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாய்த்து வைத்திருந்தேன். இங்கே பகல் இரண்டு மணி தாண்டியிருக்கும். இங்கிலாந்தில், என் தம்பி குகன் கடை வைத்திருக்கும் சின்னச் சந்தை ஊரில், அப்போது பின்னேரம் ஏழு மணி. கோடை என்பதால் வெயில் இன்னும் சதுக்கத்தில் கிடந்தது.

இரண்டாவது வான் வந்தது. மூன்றாவதும் வந்தது. ஒன்றிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. பின்கதவுகளைத் திறந்தார்கள். இறங்கிய ஆட்கள் உள்ளே கையை விட்டு நீளம் நீளமான இரும்புப் பைப்புகளை இழுத்து எடுத்தார்கள்.

அந்தக் கமராவுக்குச் சத்தம் கிடையாது. ஆனால் கல்லில் இரும்பு இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

அந்தக் கிழமை இங்கிலாந்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஓர் ஊரில் தொடங்கிய கலவரம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. வெளியே இருந்து வந்தவர்களின் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், சில இடங்களில் நெருப்பும் வைத்தார்கள். அன்று விடியக்காலமே பிறம்ரனில் ட்ரக் ஓடுகிற என் மச்சான் ஒரு வட்ஸ்அப் தகவலை அனுப்பியிருந்தார். புதன்கிழமை பின்னேரம் இன்ன இன்ன ஊர்களில் கூடுவோம் என்று ஆரோ எழுதியது. குகனின் ஊர்ப் பெயரும் அதில் கிடந்தது. அன்றுதான் புதன்கிழமை.

போன கிழமை இந்தப் பத்தியில் என் விமான நிலைய வேலையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினேன். பலர் கூப்பிட்டுச் சொன்னார்கள், சந்தோஷம். இந்தக் கிழமை சிரிப்பு வருமோ தெரியாது.

கார் பார்க்கைப் பார்க்கிறவள்

இந்தக் கமராவைப் பார்க்கிற பழக்கத்துக்காக ஸ்காபரோவில் எனக்கு ஏகப்பட்ட நக்கல். மற்றவர்கள் நாடகம் பார்க்கிறார்கள், இந்த மனுசி கார் பார்க் பார்க்குது என்பார்கள். உண்மைதான். வருகிறவர்களுக்குக் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று காட்டுவதற்காக அந்த ஊர்ச் சபை சந்தை மண்டபத்தின் உச்சியில் பூட்டியதுதான் அந்தக் கமரா. படத்தின் இடது கரையில் குகனின் கடை வாசல் தெரியும். அது போதும் எனக்கு.

கல்யாணம் கட்டிக் கனடா வரும்வரை நானும் அந்த ஊரில் இருந்தவள்தான். குகன் லண்டனில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு பகலாக நின்று உழைத்து அந்தக் கடையை எடுத்த புதிது. கீழே கடை, மேலே வீடு. நான்கு குளிர்காலம் அவனுக்குச் சமைத்துப் போட்டேன், கல்லாவிலும் நின்றேன்.

ஊர் என்று சொன்னால் நடுவில் கல் பதித்த ஒரு சதுக்கம். அதன் நடுவில் தூண்களின்மேல் நிற்கிற ஒரு பழைய மண்டபம். அந்தத் தூண்களுக்கு நடுவே நிழலில் வைத்து ஒரு காலத்தில் வெண்ணெய் விற்றார்களாம். செம்மறி ஆட்டுப் பட்டிகள் இருந்த பக்கம்தான் இப்போது கார் பார்க். சுற்றிவர ஒரு கிறிஸ்தவக் கோயில், இறைச்சிக்கடை, மூன்று குடிக்கடை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயில் மணி அடித்துப் பழகுவார்கள். அடித்துப் பழகுவதற்கும் ஒரு கூட்டம், அதற்கு ஒரு தலைவர், அவருக்கும் உபதலைவருக்கும் ஒரு கோபம். யாழ்ப்பாணத்துக் கோயில் சபை கெட்டது போங்கள்.

அந்த ஊருக்குச் சந்தை கூட்டும் உரிமையை ஓர் அரசன் கொடுத்தானாம். எந்த அரசன் என்று கேட்டுவிடாதீர்கள். இறைச்சிக்கடைக்காரர் ஒரு பெயர் சொல்லுவார், தபால்காரர் இன்னொன்று சொல்லுவார், இரண்டு பேரும் அதற்காக ஒரு வருசம் முகம் பாராமல் இருந்ததும் உண்டு. ஆனால் ஒரு விசயத்தில் எல்லாரும் ஒன்று. வியாழக்கிழமை சந்தை ஒரு தடவையாவது கூடாமல் போனால் அரசன் கொடுத்த உரிமை போய்விடும் என்று நம்பினார்கள். அதனால் பனி முழங்கால் அளவு விழுந்தாலும் ஒருவராவது வந்து ஒரு மேசை போட்டே தீரவேண்டும். எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் கொரோனா காலத்திலும் ஒரு மேசை நின்றது. அதில் முட்டை இருந்தது. வாங்க ஆள் இல்லை. நான் இங்கிருந்து கமராவில் அந்த மேசையைப் பார்த்தேன்.

அந்த முட்டை மேசைக்காரிதான் பெரில். பக்கத்துக் கிராமத்தில் கோழிப் பண்ணை வைத்திருப்பவள். நீல மழைக்கோட்டு, ஒரு பக்கம் சாய்ந்த நடை. கடை திறந்த முதல் ஆறு மாதம் ஊர்ச்சனம் சிகரெட்டுக்கு மட்டும்தான் எங்களிடம் வந்தது. பெரில் ஒரு வியாழன் உள்ளே வந்து, நான் கல்லாவில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மட்டன் ரோல்ஸைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். ஒன்று கொடுத்தேன். அடுத்த கிழமை ஒரு டசின் முட்டையோடு வந்தாள். அன்று தொடங்கி இன்றுவரை அந்த வீட்டில் முட்டை காசுக்கு வாங்குவதில்லை. சந்தைக்காரர் வருசத்துக்கு ஒரு தடவை கூடிச் சாப்பிடுகிற விருந்துக்கும் குகனைக் கூப்பிட்டார்கள். கடுதாசிக் கிரீடம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு எடுத்த படம் அவன் வீட்டில் தொங்குகிறது.

எங்கள் அஜின்கோர்ட்டுக்கு எந்த அரசனும் ஒன்றும் தரவில்லை. எங்களுக்குப் பிளாசா போதும். ஆனால் பாருங்கள், ஓர் ஊர் உங்களுக்கு முட்டை தரும், கிரீடமும் வைக்கும், அதே ஊரின் பெயர் ஒரு புதன்கிழமை போனில் வரும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனிசர் எப்படி நித்திரை கொள்ளுகிறது?

யன்னலுக்குக் கிட்டப் போகாதை

குகனுக்குப் போன் அடித்தேன். உடனே எடுத்தான். பொலிஸ் வந்து வேளைக்குப் பூட்டச் சொன்னதால் ஐந்து மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டதாகவும், தானும் மனைவி வசந்தியும் பின்னறையில் தேத்தண்ணி குடிப்பதாகவும் சொன்னான்.

"இஞ்ச ஒரு அசுமாத்தமும் இல்லை அக்கா. நீங்கள் சும்மா பயப்பிடாதேங்கோ."

"டேய், வான் வந்திட்டுது. மூண்டு வான். இரும்புப் பைப்போட இறங்குறாங்கள்."

அவன் மேலே போய் யன்னலால் பார்க்கிறேன் என்றான்.

"யன்னலுக்குக் கிட்டப் போகாதை," என்றேன். "வசந்தியைக் கூட்டிக்கொண்டு கீழ போ. லைற்றை நூர். நான் சொல்லும்வரைக்கும் வெளியில வராதை."

அந்தக் கடைக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. முன்பு அது குடிக்கடையாக இருந்த காலத்தில் பியர்ப் பீப்பாய் உருட்டி வைத்த இடம். இப்போது உருளைக்கிழங்கு மூட்டையும் சோடாப் பெட்டியும் கிடக்கும். ஏன், எதற்கு என்று அவன் கேட்கவில்லை. ஓம் அக்கா என்றான். ஐம்பதைத் தாண்டிய மனிசன், பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி ஓம் என்றான்.

அவன் படி இறங்கிய உடனே போன் துண்டிக்கப்பட்டது. அங்கே சிக்னல் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் சொல்லும்வரைக்கும் வராதே என்று சொல்லிவிட்டேன். இனி எப்படிச் சொல்லுவேன்?

வெள்ளவத்தையில் ஒரு கட்டில்

அவன் ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கொழும்பில் எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரம் நடந்த அந்த ஆடி மாதம் நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு, அவனுக்குப் பன்னிரண்டு. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். லொறி வந்து நின்றது. இறங்கினவர்கள் இரும்புப் பைப்பைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடிக்கவில்லை, சும்மா இழுத்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி எங்களைத் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளிப் பாயால் மறைத்தா. நான் அவன் வாயைப் பொத்தினேன். அவன் என் உள்ளங்கையைக் கடித்தான். இரத்தம் வந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. எங்கள் வீடு எரிந்து முடியும்வரைக்கும் அப்படியே கிடந்தோம்.

பிறகு முகாம், பிறகு கப்பல், பிறகு யாழ்ப்பாணம். அன்றையிலிருந்து நான் படு என்றால் அவன் படுப்பான், ஓடு என்றால் ஓடுவான். அது பாசமும் இல்லை, மரியாதையும் இல்லை, பழக்கம்.

சூடு கண்ட பூனை என்று எங்களைச் சொல்லுவார்கள். சொல்லட்டும். பூனைக்கு அடுப்பு இருக்கிற இடமாவது தெரியும்.

சத்தம் இல்லாத படம்

நான் கத்தியிருக்கவேண்டும். மேலே அறையில் இருந்து மகள் ஆரணி ஓடிவந்தாள். மிசிசாகாவில் ஒரு கொம்பனியில் வேலை, கிழமையில் பாதி நாள் வீட்டில் இருந்துதான் செய்வாள். காதில் மாட்டியதைக் கழற்றாமலே வந்து, அம்மா, வாட் ஹப்பின்ட் என்றாள். போனைக் காட்டினேன். இங்கிலாந்துப் பொலிசுக்கு இங்கிருந்து எப்படி அடிக்கிறது என்று அவள் தன் போனில் தேடத் தொடங்கினாள்.

நான் படத்தைப் பார்த்தபடி நின்றேன். ஆட்கள் கூடிவிட்டார்கள். பைப்புகளைக் கல்லில் பரப்பினார்கள். இரண்டு பேர் கைவீசிக் கத்துவது தெரிந்தது. மூன்று நான்கு பேர் கடைப் பக்கம் நடந்தார்கள். ஒருவன் குனிந்து ஷட்டரை உள்ளங்கையால் அடித்தான். மற்றவனும் அடித்தான். ஷட்டர் அதிர்வது இங்கே தெரிந்தது. கீழே இருட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும் அது எப்படிக் கேட்டிருக்கும்? நான் அடுப்படி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. வேறு சொல் தேடி என்ன பிரயோசனம்? பயம்தான்.

கடையின் பழைய வயர்ப் போனுக்கு அடித்தேன். அடித்தது, அடித்தது, எடுக்க ஆள் இல்லை. திரும்பவும் அடித்தேன்.

ஆரணி என் கையிலிருந்து போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"அம்மா, தே ஆர் ஜஸ்ட் புட்டிங் அப் டென்ற்ஸ்," என்றாள். "உதைப் பாருங்கோ."

பார்த்தேன். நிமிர்த்தி நட்ட நான்கு பைப்பின்மேல் சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட கன்வஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அடியில் ஒரு மேசையை விரித்தார்கள். அந்த மேசையை நோக்கி, நீல மழைக்கோட்டோடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஒரு மனுசி முட்டைத் தட்டோடு நடந்துவந்தாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? நான்கு குளிர்காலம் அங்கே இருந்தும் அந்தச் சந்தைக் கடைகளை நட்டு எழுப்புவதை நான் ஒருநாளும் கண்டதில்லை. விடியமுன்னம் வந்து பைப்புகளைப் பூட்டிக் கடையை நிமிர்த்திவிடுவார்கள். என் அறை பின்பக்கம். நான் முகம் கழுவிக்கொண்டு இறங்கும்போது சந்தை தானாக முளைத்தது போல நிற்கும். இங்கே வந்த பிறகும் அப்படித்தான், நான் எழும்பிக் கமராவைப் பார்க்கும்போது அங்கே மத்தியானம். அந்தக் கோட்டுக் கன்வஸுக்குள் இரும்பு இருக்கிறது என்று நான் ஏன் யோசிக்கவேண்டும்?

நடந்தது இதுதான், பிறகு குகன் சொல்லித் தெரியும். வட்ஸ்அப் தகவல் பெரிலின் காதுக்கும் போயிருக்கிறது. அவள் சுற்றுவட்டக் கிராமங்களில் இருக்கிற சந்தைக்காரர் எல்லாருக்கும் போன் அடித்து, வியாழன் சந்தையை இண்டைக்கே போடுவோம் என்றிருக்கிறாள். சந்தை நிற்கும்போது, முடிவு மணி அடிக்கும்வரை, சதுக்கத்தில் வேறு கூட்டம் கூடக்கூடாது என்று அந்த அரசன் காலத்திலிருந்தே ஒரு முறை உண்டாம். அப்படி ஒரு சட்டம் உண்மையாக இருக்கிறதா என்று பொலிசுக்கும் தெரியாது, சபைக்கும் தெரியாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, மேசையைப் போட்டால் நிற்க இடம் இல்லைத்தானே என்றாளாம் பெரில். குகனுக்கு அவர்கள் தனியாகச் சொல்லவில்லை. அவன் வீட்டு யன்னல் சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. பார்த்தால் விளங்கும்தானே என்று நினைத்திருக்கிறார்கள். கடையைத் திறக்கச் சொல்லித்தான் ஷட்டரைத் தட்டினார்கள்.

யன்னலுக்குக் கிட்டப் போகாதை என்றவள் நான்.

அந்த நேரம் ஆரணிக்கும் எனக்கும் அது சந்தை என்று மட்டும் தெரியும். சதுக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அவன் எங்கே என்று தெரியாது. கீழே இருக்கிறவனுக்கு மேலே தட்டுவது ஆர் என்று தெரியாது. வயர்ப் போனை நான் விடாமல் அடித்தேன்.

ஷட்டர் திறந்தது

அது பாதி அளவுக்கு மேலே போய் நின்றது. குகன் குனிந்து வெளியே வந்தான். நிமிர்ந்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தான். விரல்களை விரித்து, உள்ளங்கை வெளியே தெரிய, கண்ணை நிலத்தில் வைத்தபடி நின்றான்.

யாழ்ப்பாணத்தில் ஆமிச் சுற்றிவளைப்பில் வீட்டை விட்டு எப்படி வெளியே வருவது என்று மீசை முளைக்கிற வயதிலேயே படித்தவன். அதை உடம்பு மறக்கவில்லை.

சதுக்கத்தில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பைப்போடு நின்ற ஒருவன் மெதுவாக அதைக் கீழே வைத்தான்.

"வை இஸ் மாமா டூயிங் தட்?" என்று ஆரணி கேட்டாள்.

இருபத்தைந்து வயதுப் பிள்ளை, ஸ்காபரோவில் பிறந்தவள். நான் போனைப் பார்த்து, "கையை இறக்கடா, கையை இறக்கடா தம்பி," என்று கத்திக்கொண்டு நின்றேன்.

பெரில் முட்டைத் தட்டை நிலத்தில் வைத்தாள். சாய்ந்து சாய்ந்து அவனிடம் போனாள். கொடியில் கிடக்கிற உடுப்பை இறக்குகிற மாதிரி அவனுடைய ஒரு கையைப் பிடித்து இறக்கினாள். விட்டதும் அது திரும்பவும் மேலே போனது. இரண்டாந்தரம் இறக்கிவிட்டு, பிடியை விடாமல் நின்றாள்.

அங்கே எட்டு மணியளவில் ரயில் ஸ்டேஷன் பக்கமிருந்து கலவரக்காரர் வரத்தான் செய்தார்கள். கொடி பிடித்துக்கொண்டு கொஞ்சப் பெடியள், கொஞ்சம் வயதானவர்கள். கோட்டுக் கன்வஸ்களின் கரையில் வந்து நின்றார்கள், கத்தினார்கள் போலிருந்தது. ஒரு போத்தல் பறந்து வந்து மீன்காரனின் மேசையில் உடைந்தது. ஒருவரும் இடம் விடவில்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் முழுவதும் குகன் கடை வாசலில் பெரிலோடு நின்றான். நான் கதிரையில் இருக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பாவற்காய் வெட்டினபடியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகக் கதைத்தோம். என்மேல் அவனுக்குக் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஷட்டரைத் தட்டினபோது உள்ளே வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தானாம். போன் விடாமல் அடிக்க, அக்கா கமராவில் எதையோ காண்கிறா, இனி நேரமில்லை என்று நினைத்தானாம். வசந்தியை மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறியிருக்கிறான்.

"நான் வெளியில போய் நிண்டால், உள்ளுக்க வேற ஒருத்தரும் இல்லையெண்டு நினைப்பினம்தானே," என்றான்.

கடையை வித்துப்போட்டு இங்கே வா என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். இஞ்ச எங்கட சனம் இருக்கு, வீட்டுக்குக் கீழே நிலவறையில் வாடகைக்கு இருந்தாலும் நிம்மதியாக இருப்பாய் என்றேன். அவன் திருப்பிக் கேட்டான்.

"வந்து? அங்க ஆரும் வந்து கதவைத் தட்டினால் நான் கையைத் தூக்கமாட்டனோ அக்கா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தநேரம் பார்த்து எங்கள் வாசல் மணி அடித்தது. என் குரல் தானாக இறங்கிவிட்டது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு சுவரோடு ஒதுங்கி நின்றேன், மூச்சையும் பிடித்துக்கொண்டேன். என்ன அக்கா, என்ன அக்கா என்று அந்தப் பக்கத்தில் குகன் கேட்கிறான்.

ஆரணி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். நேரே போய், ஆர் என்றும் கேளாமல் கதவை விரியத் திறந்தாள்.